எங்கள் பின்தெருக்களையும் கணக்கில் சேருங்கள்: செட்டிநாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் தொகுதிகளின் உறுப்பினர்களான உங்கள் மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. காவல் நிலைய எல்லைகளும் அப்படியே. அதனால் ஒருவர் மட்டும் பேசினால் போதாது.

எங்கள் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முகப்புத் தெருவில் விளக்கு எரிகிறது, சுற்றுலா வேன் வந்து நிற்கிறது. பின்தெருவில் நீளத்துக்கும் மதில்தான்; பொழுது சாய்ந்தால் ஆள் நடமாட்டம் இல்லை. திருட வருகிறவன் தேக்குக் கதவோடு மல்லுக்கட்டுவதில்லை. பின்பக்கமாக ஓட்டின்மேல் ஏறி, வளவு வாசலுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, மேலே போட்டிருக்கும் கம்பியை அறுத்து இறங்கிவிடுகிறான். அப்புறம் அவனுக்கு அவசரமே இல்லை. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் செதுக்கு வேலை செய்த நிலையும் வெண்கலப் பாத்திரங்களும் போனது தெரிகிறது. எந்த மாதம் போனதென்று யாருக்கும் சொல்லத் தெரியாது. பங்காளிகள் பல பேருக்குப் பொதுவான வீடு என்றால், யார் புகார் கொடுப்பது என்பதிலேயே இன்னும் நாள் ஓடிவிடும்.

பொருள் போனால் போகட்டும் என்றுகூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்குப் பெரிய கவலை, பூட்டாத வீடுகள்தான். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி அத்தனை பெரிய வீட்டில் அடுப்படியை ஒட்டிய ஒரே அறையில் இருக்கிறார். யாராவது முகப்பில் கூப்பிட்டால் பட்டாலைக் கூடத்தைக் கடந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வருவதற்குள் கூப்பிட்டவர் போய்விடுவார். இருட்டியதும் உள்கதவைத் தாழிட்டு, செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். இரவில் விழுந்து கிடந்தால் காலையில் பால்காரர் வரும்வரை யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்து ஊர்களில் இப்படி எத்தனை ஆச்சிகள், எத்தனை ஐயாக்கள்!

சரி, பணத்துக்கு வருவோம். தொகுதி மேம்பாட்டு நிதியாக உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கிடைக்கிறது. நிழற்குடையும் கலையரங்கமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்கு முன்பு பின்தெருக்களுக்கு விளக்குப் போடுங்கள். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, அதற்குக் கேட்டு வாங்கத் தெம்பு இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சிகளுக்கு அந்த வசதி இல்லை. முதலில் அங்கே கொடுங்கள். கேமரா வைப்பதானால், பழுதானால் சரிசெய்ய வருடா வருடம் யார் பணம் தருவது என்று முடிவுசெய்துவிட்டு வையுங்கள். கம்பத்தில் சும்மா தொங்கும் கேமரா, பாதுகாப்பு இருப்பதாக ஊரை நம்பவைத்து ஏமாற்றுகிறது. அது இல்லாததைவிட மோசம்.

ஆனால் காவலர் எண்ணிக்கையும் ரோந்து வண்டியும் தொகுதி நிதியில் வருபவை அல்ல. அவை பட்ஜெட்டுக்குப் பின் பேரவையில் நடக்கும் காவல்துறை மானியக் கோரிக்கையில், அதாவது அந்தத் துறையின் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்கும் விவாதத்தில், தீர்மானமாகின்றன. அந்த விவாதத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பாராட்டிலும் நன்றியிலும் அதைக் கரைத்துவிடாதீர்கள். எங்கள் காவல் நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை என்று கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியலை ஒவ்வொரு நிலையத்திலும் வைத்து, ரோந்துக் காவலர் வாரம் ஒருமுறையாவது வாசலில் நின்று குரல் கொடுக்க ஏற்பாடு கேளுங்கள். பூட்டிய வீடுகளில் உள்ள பழம்பொருட்களைப் படம் எடுத்துப் பதிவுசெய்ய ஊருக்கு ஊர் முகாம் கேளுங்கள். படம் இல்லாமல் தொலைந்த கதவை யார் வீட்டுக் கதவென்று நிரூபிப்பது?

நீங்கள் கேட்டதையும் அரசு சொன்ன பதிலையும் அச்சடித்து, எங்கள் பேரூராட்சி, ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகைகளில் ஒட்டச் சொல்லுங்கள். வாசித்துவிட்டு அடுத்த மடல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு வாக்காளர் ஒருவர்