ஐப்பசியில் ஒரு சுரைக்குடுக்கை

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா
ஐப்பசி, இரண்டாம் வாரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாளடி நடவு முடிவதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டதையும், கொல்லையில் அவரைப் பந்தல் சாய்ந்துபோனதையும் எழுதியிருந்தாய். இங்கே இந்தப் பருவத்தின் முதல் மழை நேற்று இரவுதான் பெய்தது. கோடை முழுவதும் ஒரு சொட்டும் காணாத மண் என்பதால், காலையில் கதவைத் திறந்ததும் எழுந்த வாசனையில் உங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்துவிட்டது.

இலை உதிர்கிற காலத்தில் தோட்டத்தில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று கேட்டிருந்தாய். வந்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் இந்த ஊரில் மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான்; உறைபனியோ டிசம்பர், ஜனவரியில் ஏதோ சில இரவுகளில் மட்டும் புல்நுனியை வெளுக்கச் செய்துவிட்டுப் போகும். ஆகவே நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ அப்படி இவர்களுக்கு அக்டோபர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் ஆண்டு மே மாதத்தில் கொத்தமல்லி விதைத்தேன். நாள் நீண்டு வெயிலும் ஏறியதும், ஒரு ரசத்துக்குத் தேறும் அளவுகூடத் தழை கொடுக்காமல், அது தண்டு விட்டுப் பூத்துவிட்டது. இப்போது தனியாவை உருட்டுக் கட்டையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்து, அக்டோபரில் தூவுகிறேன். பங்குனி வரை கிள்ளக் கிள்ளத் தழைக்கிறது. வெந்தயக்கீரையும் அப்படியே.

பூண்டு கற்றுக்கொடுத்த பாடம் இன்னும் வேடிக்கையானது. ஒருமுறை வசந்தத்தில் ஊன்றியதில், பல் பிரியாத ஒற்றை உருண்டைகளாகத் தோண்டி எடுத்தேன். குளிர் போதிய அளவு பட்டால்தான் அது பல் பல்லாகப் பிரியுமாம். இந்த முறை நல்ல பருத்த பற்களாகத் தேர்ந்து, தோலை உரிக்காமல், கூர்முனை மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில், நான்கு விரற்கடைக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டு ஊன்றியிருக்கிறேன். தெருவில் உதிர்ந்து கிடக்கும் சருகை மகன் கூட்டி அள்ளி வந்து கொடுக்க, அதையே பாத்தியின் மேல் மூடாக்காகப் பரப்பினேன். அண்டை வீட்டார் அதே சருகைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புகிறார்கள் என்பது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்ததோ வேறொன்றைப் பற்றி. சென்ற ஆண்டு சுரைக்கொடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டு வைத்தேன். அவசரப்பட்டுக் காம்பு பச்சையாக இருக்கும்போதே அறுத்த ஒன்று அழுகிப்போயிற்று. மற்றதைக் காம்பு பழுத்துக் காய்ந்து மரம்போல் ஆன பிறகு, இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து, கார் நிறுத்தும் கொட்டகையில் காற்றாட வைத்தேன். குளிர்காலம் முழுவதும் அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் படிந்ததைப் பார்த்து மருமகள் முகம் சுளித்தாள். நான் துணியால் துடைத்துத் துடைத்துத் திருப்பி வைத்தேன். சித்திரையில் ஒரு நாள் கையில் எடுத்தபோது கனமே இல்லை. ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலவென்றன.

நவராத்திரி முடிந்து கொலுப்பொம்மைகளைப் பெட்டியில் கட்டி வைத்த கையோடு அதை எடுத்தேன். வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றி ஊறவைத்து, மேல்தோலைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் சுரண்டியபோது, அடியிலிருந்து பழுப்பும் பொன்னுமாக ஒரு வழவழப்பு வெளிப்பட்டது. கழுத்தை இரம்பத் தகடால் அறுத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்த காய்ந்த சதையைச் சுரண்டினேன். அந்தத் தூசி தொண்டையை அப்படிக் கமறச் செய்கிறது. எதிர்வீட்டுப் பெண்மணி வந்து பார்த்து, வண்ணம் பூசித் துளை போட்டால் அழகான குருவிக்கூடு ஆகும் என்றார். உங்கள் ஊர்க் குளத்தில் இடுப்பில் குடுக்கை கட்டி நீச்சல் பழகியவளுக்கு அதில் வண்ணம் பூச மனம் வருமா? விதை போட்டு வைக்கத்தான் அதைச் செய்தேன்.

அவரை விதையை யாரிடமாவது கொடுத்தனுப்புவதாக எழுதியிருக்கிறாய், வேண்டாம். உரிய சான்றிதழ் இல்லாத விதையை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், கொண்டு வருகிறவருக்கும் சங்கடம். என் சுரை, வெண்டை, கொத்தவரை விதைகளே குடுக்கைக்குப் போதும். அவற்றைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறேன். ஆனால் உன் அம்மா விதைக்குடுக்கையின் வாயை எதைக் கொண்டு அடைப்பார்கள் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வைக்கோல் பிரியைத் திணித்து மேலே சாணம் மெழுகுவார்களா, களிமண்ணா? இங்கே சாணத்துக்கு வழியில்லை. களிமண் என்றால் பாத்தியிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி