திராட்சைச் சக்கை பானம் புதிதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒயினுக்குப் பிழிந்த சக்கையிலிருந்து அமெரிக்காவில் செய்யும் நுரைபானம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பிலேயே ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று போட்டதுதான் உறுத்துகிறது. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் பள்ளத்தாக்குப் பண்ணை ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் இதைத் தூசு தட்டி எடுத்தது, அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் தென் பிரான்சின் நார்போன் பக்கம் இதற்குப் பெயர் பிக்கெத். தோட்டக் கூலிகளின் பானம். கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரி அரசியல்வாதி கேட்டோ, அறுவடை முடிந்து மூன்று மாதம் அடிமைகளுக்குச் சக்கைத் தண்ணீரையே கொடுக்கச் சொல்லி எழுதிவைத்தார். ஒயின் விற்பனைக்கு, பறித்தவனுக்கு இரண்டாம் பிழிசல். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

செய்முறையை ஏதோ ஆற அமரச் செய்வதுபோல எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். சக்கை காத்திருக்காது. வெள்ளை ஒயினுக்குப் பிழிந்துவிட்டு பிரஸ்ஸைத் திறந்தால் தோலும் கொட்டையும் கட்டி கட்டியாக விழும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும், அவ்வளவு சர்க்கரை மிச்சம். அன்றைக்கே தண்ணீர் ஊற்ற வேண்டும். போட்டுவைத்தால் பழ ஈ மொய்த்து, காடி வாடை வந்துவிடும். ஊறியதை மறுபடி பிழிந்து நொதிக்கவிட்டு, நொதிப்பு அடங்குவதற்குள் பாட்டிலில் அடைத்தால் வாயு உள்ளேயே தங்கும். நுரை அதுதான். கணக்குத் தப்பினால் பாட்டில் வெடிக்கும். அப்புறம், இதைக் ‘கிட்டத்தட்ட ஜூஸ்’ என்கிறார். பெரும்பாலும் 4 முதல் 7 சதவீதம் ஆல்கஹால், அதாவது பீர் அளவு. பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பிக்கெத்தைக் கடையில் விற்க முடியாது. வடித்துச் சாராயம் ஆக்கலாம், நாடு அனுமதித்தால் தோட்டக்காரர் தன் வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1860-களிலிருந்து ஃபைலோக்சரா பூச்சி கொடிகளைத் தின்று தீர்த்தபோது, சக்கையில் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து ஒயின் என்றே விற்றார்கள். கொடிகள் மீண்ட பிறகும் கலப்படம் ஓயவில்லை. ஒயின் மிதமிஞ்சிப் பெருகி விலை படுத்தது. 1907இல் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஜூன் மாதம் நார்போனில் ராணுவம் சுட்டதில் சிலர் செத்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. இன்று பிக்கெத் என்று லேபிளில் வெளிப்படையாகப் போட்டு விற்கச் செய்ய முடியும் என்பதால் தடையைத் தளர்த்தலாம் என்பது என் கட்சி. இங்கே இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அது வேறு.

கம்பம் விவசாயிகளும் முயலலாம் என்று கட்டுரையாளர் யோசனை சொல்கிறார். கம்பம் பன்னீர் திராட்சை பெரும்பாலும் பழமாகவே சந்தைக்குப் போகிறது. சக்கைக்கு எங்கே போவது? போதாததற்கு, உரிமம் இல்லாமல் வீட்டில் இதைச் செய்தால் மதுவிலக்குப் போலீஸ் வாசலுக்கு வரும். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
நார்போன் பக்கத்திலிருந்து ஒரு புதுச்சேரிக்காரன்