காத்திருக்கிறோம், முகவரியைச் சுவரில் ஒட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருடம் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கிறிஸ்தவப் பெண், பையன் இந்து. இருவரும் மதம் மாறாமல் கல்யாணம் செய்ய நினைத்து, சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருந்தார்கள்.

வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சட்டமே சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸைப் பதிவு அலுவலகப் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்டுவார்கள். நோட்டீஸ் கொடுப்பவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். பெயர், வயது, தொழில், தங்கியிருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். பத்திரம் பதிய வந்த தூரத்து உறவினர் ஒருவர் அதைச் செல்போனில் படமெடுத்து அனுப்ப, அன்று மாலையே அண்ணன்மார் பஸ் ஏறிவிட்டார்கள். அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மீதி நாளெல்லாம் வாசலில் பைக் சத்தம் கேட்டால் போதும், சாப்பிடும் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவாள்.

காத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. நியூயார்க்கிலும் உரிமம் வாங்கி 24 மணி நேரம், டெக்சாஸில் 72 மணி நேரம் பொறுக்கத்தான் வேண்டும். நம் சட்ட ஆணையம் 2012-ல் இந்த இடைவெளியையே எடுத்துவிடச் சொன்னது. நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. வயது சரியா, முதல் கல்யாணம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று அதிகாரி தாராளமாகப் பார்க்கட்டும். அதை ஊரைக் கூட்டி ஏன் கேட்க வேண்டும்? இந்தச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். சாதி, மதம் அதற்குக் காரணமே ஆகாது என்றாலும், விசாரணை என்று இன்னும் 30 நாள் வரை இழுக்கலாம். நியாயமில்லாமல் ஆட்சேபித்தவருக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 1,000 ரூபாய். இந்தச் சட்டம் வந்த 1954-ல் போட்ட கணக்கு அது.

இருவரும் இந்துவாக இருந்தால் நம் மாநிலத்தில் இந்தப் பாடே கிடையாது. அண்ணா ஆட்சியில் 1967-ல் கொண்டுவந்த திருத்தப்படி, நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலே சுயமரியாதைத் திருமணம் செல்லும். அதற்கு ஊரறிய அறிவிப்பு தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மதம் வேறானால் மட்டும் ஏன் இந்தப் பலகை? தம்பதி கேட்டுக்கொண்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது, அதே பலகையில் இன்னொரு ஜோடியின் தாள் இருந்தது. பெண்ணுக்கு 23 வயது. கதவு எண் வரை தெளிவாகத் தட்டச்சு செய்திருந்தார்கள்.

திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள விஷயம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடலாம். 1967-ல் செய்ததுபோல இப்போதும் தமிழ்நாடு அரசே திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கேட்கலாம். அது வரும்வரை, முகவரியையாவது மறைத்து ஒட்ட வழியுண்டா என்று அரசு பார்க்க வேண்டும்.

– ஒரு வாசகி, திருச்சி