சின்னஞ்சிறு பிள்ளைகள் ஓடியாட இடமும் துணையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் இன்னும் பள்ளியில் சேராத பிள்ளைகள் பலர், மாலை நேரத்திலும் ஓடியாட இடமில்லாமல் வீட்டுக்குள் கைப்பேசியோடு முடங்கிக் கிடப்பது கவலை அளிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை இயக்கி விளையாட வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்குமளவுக்கு ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். திரைக்கு முன் உட்காருவது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டியதில்லை. காலை முதல் இரவு வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் கணக்கு அது.

விளையாட்டுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. கல்லா மண்ணா விளையாடத் திண்ணை இல்லாத வீட்டில், ஒரு கோரைப்பாயை விரித்து அதைக் கல் என்றும் மீதித் தரையை மண் என்றும் வைத்துக்கொண்டால் போதும், தாத்தா துரத்தத் துரத்தப் பிள்ளை பாய்க்கும் தரைக்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும். ஆனால் வயதறிந்து விளையாட வைக்க வேண்டும். ஒற்றைக்காலில் நொண்டும் நிதானம் பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. மூன்று வயதுப் பிள்ளையைப் பாண்டிக் கட்டத்தில் நிறுத்தி நொண்டச் சொன்னால் விழுந்து அழும், இரு காலையும் சேர்த்துக் குதிக்கவிட்டால் அதே கட்டத்தில் உற்சாகமாக ஆடும். குலை குலையா முந்திரிக்காய்க்கு இருபது பேரை வட்டமாக உட்காரவைத்தால் ஓடுபவர்கள் இருவர்தான். ஐந்தாறு பேர் கொண்ட சிறு வட்டங்களே இவ்வயதுக்கு ஏற்றவை. தோற்ற பிள்ளையை ஆட்டத்தை விட்டு வெளியே உட்கார வைக்கவே கூடாது. ஓட்டத்தில் பிந்தும் பிள்ளைதானே இன்னும் கொஞ்சம் ஓட வேண்டியது!

எங்கள் பகுதிப் பூங்காவில் நடைபாதையும் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகளும் இருக்கின்றன. புல்தரையில் கால் வைக்கக் கூடாதென்று பலகையும் இருக்கிறது. மாநகராட்சியின் 100 வார்டுகளில் பூங்கா உள்ள இடங்களிலெல்லாம், கல்லும் முள்ளும் இல்லாத மண்தரை ஒன்றை மரநிழலில் சின்னப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இருட்டும் வரை கட்டாயம் திறந்து வைக்க வேண்டும். அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் வாரம் ஒரு நாள் கால் மணி நேரம் இருக்கச் செய்து, அவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதையும், அங்கன்வாடிப் பணியாளர்களின் வேலைப்பளுவை அறிந்தே, கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோ.புதூர், மதுரை.