செழியனுக்கு, புல்மனிலிருந்து

புல்மன்,
டிசம்பர் 20, 2025

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. "வேலை அதிகம் அப்பா, பிறகு பேசுகிறேன்" என்று இரண்டு முறை செய்தி மட்டும் வந்தது. டிசம்பர் உனக்கு ஓய்வில்லாத மாதம் என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படித்தால் போதும்.

முதலில் ஒன்று. உன் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரைக்கும் என்று எடுத்துப் பார். காரணம் ஒன்றுமில்லை. வருடக் கடைசியில் எல்லோரும் பார்த்து வைக்க வேண்டியதுதான்.

ஊர்ப் பேச்சு முழுவதும் நம் வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் நடந்த கோச் மாற்றம்தான். ஜிம்மி ரோஜர்ஸ் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அயோவா ஸ்டேட் கல்லூரிக்குப் போய்விட்டார். அந்த இடம் ஏன் காலியானது? அங்கிருந்த மேட் கேம்பெல் பென் ஸ்டேட்டுக்குப் போனார். பென் ஸ்டேட்டில் ஏன் காலி? அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கினார்கள். பென்சில்வேனியாவில் ஒருவரை நீக்கினால் இங்கே கோதுமைக் காட்டுக்கு நடுவில் வீடுகள் காலியாகின்றன. இனி கெர்பி மூர் வருகிறார். மிசௌரியில் இருந்தவர், ஆனால் நம் பிராசர் ஊர்ப் பையன். நல்லபடியாக இருக்கட்டும்.

நம் தெருக்கோடியில் ஓர் உதவிப் பயிற்சியாளர் குடும்பம் இருந்தது. போன வாரம் அந்தப் பெண் அம்மாவின் முறுக்கு டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தை மூன்றாம் வகுப்பு, பாதி வருடம். எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, இன்னும் தெரியவில்லை என்றாளாம். பெரிய கோச் தன்னோடு நாலைந்து பேரை அழைத்துப்போகிறார். நீக்கினாலும் ஒப்பந்தப்படி அவருக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. மற்றவர்கள் என்ன தவறு செய்தார்கள்? இரவு இரண்டு மணி வரை எதிரணியின் பதிவுகளை வெட்டி வெட்டிப் பார்த்து, எந்த இடத்தில் நின்றால் எந்த ஆட்டம் ஆடுவார்கள் என்று எண்ணிக் கொடுத்தவனுக்குத் தோல்வியில் என்ன பங்கு? நான் தெருக்கோடிக் குடும்பத்தைத்தான் சொல்கிறேன்.

ஓரிகன் ஸ்டேட் கல்லூரி இருக்கும் கோர்வாலிஸில் நடந்ததைப் பார். 2023 நவம்பரில் ஓரிகன் பல்கலைக்கழகத்திடம் தோற்ற மறுநாளே அங்கிருந்த கோச் ஜொனாதன் ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனபோது நான் எவ்வளவு கோபப்பட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஓரிகன் ஸ்டேட்டுக்காக ஆடியவர், 2000ஆம் ஆண்டு அணியின் குவார்ட்டர்பேக், கல்லூரி நட்டாற்றில் நிற்கும்போது விட்டுப் போகலாமா என்று கத்தினேன். அவருக்குப் பதில் வந்த டிரென்ட் பிரேயும் அதே கல்லூரியில் ஆடியவர்தான். விட்டுப்போகாமல் இருந்தவர். ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் இந்த அக்டோபரில் அவரை நீக்கினார்கள். ஒன்றரை மாதம் கழித்து ஸ்மித்தையும் மிச்சிகன் ஸ்டேட்டில் நீக்கினார்கள். போனவருக்கும் வேலை போயிற்று, இருந்தவருக்கும் போயிற்று. அன்று கத்தியது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

பேக்-12 உடையாமல் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. மேற்குக் கரைக் கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆட 1915இல் தொடங்கிய கூட்டமைப்பு. டிவிப் பணம் போதவில்லை என்று 2023 ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் கிளம்பின. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஓரிகன் பல்கலைக்கழகமும் பிக் டென் கூட்டமைப்புக்கு. இரண்டு அரிசோனாக்களும் யூட்டாவும் பிக் 12க்கு. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது நாமும் ஓரிகன் ஸ்டேட்டும். இரண்டு பேருமாகப் போட்ட வழக்கு நம் கால்ஃபாக்ஸ் கோர்ட்டில் நடந்தபோது, "அப்பா, நான் டிரைவிங் லைசென்ஸ் எடுத்த ஊர்" என்று போனில் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது. அந்த செப்டம்பரில் இரண்டு அணிகளும் இங்கே மோதியபோது அம்மா அரக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். 38-35, ஜெயித்தோம். கடைசி வரை உட்காரவே இல்லை. வரும் ஜூலையில் பாய்சி ஸ்டேட், ஃபிரெஸ்னோ, யூட்டா ஸ்டேட் எல்லாம் சேர்ந்து புதிய பேக்-12 தொடங்குகிறது. பணம் பழைய அளவு வராது. ஆனாலும் ஆட்டம் உண்டு, ஆட்கள் தேவைப்படுவார்கள்.

நன்றாகச் சாப்பிடு. வாடகை ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மேல் போடாதே. காப்பீட்டுத் தேதியைப் பார்.

உங்கள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் பயிற்சியாளர் குழுவின் படங்கள் வரிசையாக இருக்கும். மூன்றாவது வரிசைக் கடைசியில், நீலச் சட்டையில், நீ. காலையில் காப்பியோடு அதைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். இது உனக்குத் தெரியாது. பத்து நாளாக அதில் இரண்டு வரிசைதான் இருக்கிறது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை.

நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். ஏழு வருடத்தில் நான்கு ஊர் மாறியவன், ஒவ்வொரு ஊரிலும் முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஏதாவது வாங்கி அனுப்பியவன், இதை மட்டும் மறைப்பானேன்? மூன்றாம் நாள் வள்ளி கல்யாணம் நினைவுக்கு வந்தது.

2022 ஆனி, பொள்ளாச்சி மண்டபம். முதல் நாள் நள்ளிரவில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகளான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பேக்-12ஐ விட்டுப் போகிற செய்தி வந்திருந்தது. நீ தூங்காத கண்ணோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா என்னிடம், பையன் அமெரிக்காவில் என்ன செய்கிறான் என்று கேட்டார். புள்ளிவிவரக் கம்பெனியில் இருக்கிறான் என்றேன். திரும்பினால் நீ நிற்கிறாய், கையில் எனக்காகக் கொண்டுவந்த காப்பி டம்ளர். கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மூன்றரை வருடமாக அதைப் பற்றிப் பேசவில்லை. இல்லை என்று அப்பா ஊருக்குச் சொன்ன வேலையைப் போய்விட்டது என்று நீ எப்படி என்னிடம் சொல்வாய்? வெட்கப்பட வேண்டியவன் நான், தம்பி.

நேற்று கீழறை அலமாரியில் என் பழைய சோதனைப் பாத்திகளின் வரைபடத் தாள்களைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் கோதுமை ரகங்களின் எண்களோடு நான் போட்ட கட்டங்கள். மறுபக்கம் பென்சிலால் பதினொரு வட்டம், பதினொரு பெருக்கல் குறி, வளைந்து வளைந்து அம்புகள். உனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு தாளில் ஒரு வட்டத்தை மட்டும் நாலைந்து முறை அழித்து அழித்து இடம் மாற்றியிருக்கிறாய். தாள் அங்கே கிழிகிற அளவுக்கு மெலிந்திருக்கிறது. அன்று என் தாளை வீணாக்கினாய் என்று திட்டினேன்.

இன்று காலை பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். என் மகன் ஃபுட்பால் பயிற்சியாளன் என்று சொன்னேன். என்ன வேலை என்று விளக்கமாகக் கேட்டார். தெரிந்தவரை சொன்னேன், அரை மணி நேரம் ஆயிற்று. இருந்தான் என்று சொல்லவில்லை. இருக்கிறான் என்றுதான் சொன்னேன்.

நம் கல்லூரியில் செய்கிற குகர் கோல்ட் சீஸ் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். நீ வந்துதான் திறக்க வேண்டும் என்கிறாள் அம்மா. பொடி தோசையின் மேல் துருவிப் போட்டுத் தின்பவன் இந்த வீட்டில் நீ ஒருவன்தான். டிக்கெட் புல்மனுக்கே போடாதே, மூடுபனியில் சில நாள் விமானம் இறங்க முடியாமல் போகலாம். ஸ்போகேனுக்குப் போடு. எந்த நேரமானாலும் நான் வண்டியோடு வந்து நிற்கிறேன். காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்து வா, தேதியை நானே பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா