அதிவேகப் பாதையில் மின்பலகைக்கு எழுத்துப் போடுபவர்களுக்கு

வணக்கம்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வான் ஓட்டுகிறேன். ஹயரில் பாதி கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்குத்தான், வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளைக் கூட்டி வர, இல்லாவிட்டால் கண்ணீரோடு ஏற்றி அனுப்ப. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்ததில் இருந்து இதே ஓட்டம். இடைக்கிடை காலிப் பக்கமும் போவேன். பாதைக்கு மேலே நீங்கள் போடுகிற வசனத்தை நம்பித்தான் என் கால் பிரேக்குக்குப் போகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் பின்னேரம் நாலு மணி, எந்தப் பாதை என்பதை விடுங்கள், 'முன்னால் விபத்து, மெதுவாகச் செல்லவும்' என்று பலகையில் கிடந்தது. 60க்கு இறக்கினேன். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தபடியே வந்தது. வெளியேறும் வாயில் வரைக்கும் விபத்தும் இல்லை, ஒரு கண்ணாடித் துண்டும் இல்லை. டிக்கெட் கூண்டில் கேட்டால், அது காலையில் நடந்ததாம், எப்போதோ எடுத்துவிட்டார்களாம். அடுத்த கிழமை அதே பலகை, அதே வசனம், சரியான மழை. ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை, நானும் குறைக்கவில்லை. வளைவு தாண்டினால் சிவப்பு லைட்டுகள் வரிசையாக நிற்கின்றன. வான் நின்றபோது முன்னால் இருந்த காருக்கும் எனக்கும் மூன்று மீற்றர்கூட இராது. பின் சீட்டில் இருந்த ஆச்சி என் சீட்டின் விளிம்பைப் பிடித்த பிடியை எயார்போர்ட் வரைக்கும் விடவேயில்லை.

முடிந்துபோன விபத்தை உடனே அழியுங்கள். முதல் நாள் அழிக்காமல் விட்டதால்தான் இரண்டாம் நாள் யாரும் நம்பவில்லை.

அப்புறம் வாசிக்கிற நேரம். 100இல் போகிறவன் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 28 மீற்றர் போய்விடுகிறான். எழுத்து 200 மீற்றரில் தெரியத் தொடங்கினால் கையில் இருப்பது ஏழு செக்கன். அதற்குள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மாறி மாறி ஓடவிட்டால், தமிழ் வரும்போது சிலவேளை நான் பலகைக்குக் கீழே இருப்பேன். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, தமிழில் போடுங்கள் என்று கெஞ்ச வேண்டிய காலம் இல்லை இது. ஆனால் இந்த இடத்தில் அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது: ஒரு படம், ஒரு தூரம், ஒரு வேகம். மழைப் படமும் 60உம் போட்டால் ஆச்சிக்கும் விளங்கும், லொறிக்காரருக்கும் விளங்கும்.

பயமுறுத்துகிற வசனமும் வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸில் 2012இல் இருந்து மாதத்தில் ஒரு கிழமை, அந்த வருடம் வீதியில் செத்தவர்களின் எண்ணிக்கையை இப்படியான பலகைகளில் போட்டார்கள். நல்ல நோக்கம்தான். 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அந்தக் கிழமைகளில் பலகை தாண்டிய 10 கிலோமீற்றருக்குள் விபத்து 4.5 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டது. சாவுக் கணக்கைக் கண்ட மனம் அதிலேயே நின்றுவிடுகிறது, பாதையில் இருப்பதில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்கிற காரணம். பண்டிகை வாழ்த்தையும் வேறு எங்காவது போடுங்களேன்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியம், பலகை எங்கே நிற்கிறது என்பது. டிக்கெட் எடுத்து உள்ளே போனவன் திரும்பி வர முடியாது. நெரிசல் என்று உள்ளே வைத்துச் சொன்னால் அடுத்த வாயில் வரைக்கும் நான் என்ன செய்வது, பின்னால் இருப்பவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், பிளேன் காத்திருக்காது. பேலியகொடையில் ஏறுவதற்கு முன்னால் 'கட்டுநாயக்க 50 நிமிடம்' என்று ஒரு வரி தெரிந்தால் வத்தளை, ஜாஎல பக்கம் பழைய நீர்கொழும்பு வீதியால் போவதா, காசு கட்டி மேலே போவதா என்று நானே முடிவெடுப்பேன். காலிக்குப் போகிற அதிவேகப் பாதையில் வெலிப்பென்னப் பக்கம் வெள்ளம் என்றால் அதைக் கொட்டாவையில் ஏறும் முன்னமே சொல்லுங்கள்.