கருவாட்டுக்கார அக்காவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

அக்கரைப்பேட்டை உறவுகளுக்கு வணக்கம்.

உடைசல் என்று ஒதுக்கிக் கிடந்து, நாங்கள் விலைக்கு எடுத்து ஒட்டுப்போட்டு விற்ற ஃபைபர் படகு, இன்று காலை புது உரிமையாளரோடு கடலுக்குப் போய்விட்டது. நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை. மனசு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி பக்கத்துக் கொட்டகைக் கருவாட்டுக்கார அக்காவுக்கு. அவர் கொடுத்தது நல்ல தண்ணீர். லாரி வரும் நாளெல்லாம் தம் பங்கிலிருந்து நாலு குடம், நாங்கள் கேட்காமலே, படகோரம் கொண்டுவந்து வைத்தார். "உப்பு இருக்குற வரைக்கும் ராத்திரி ஈரத்தை இழுத்துக்கிட்டேதான் இருக்கும் தம்பி, கருவாட்டுல பாக்கலையா?" என்றார்.

படகிலும் அதேதான். உடைந்த இடத்தில் கண்ணாடி இழை பிரிந்து நிற்கும். அந்த இடுக்கில் உப்பு தங்கினால், பகலில் காய்ந்த மாதிரித் தெரிவது ராத்திரியில் மறுபடி ஊறிவிடும். அதன்மேல் ரெசின் என்கிற ஒட்டுப் பிசினைப் பூசினால் மேலே பளபளவென்று இறுகும், அடியில் பிடிக்காது. அலை அடிக்க அடிக்கத் தகடாகப் பெயர்ந்துவிடும். அதனால் அரைத்துத் திறந்த இடம் முழுக்க அக்காவின் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவிக் காயவிட்டோம். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் வெயிலில் விட்டோம். தாளின் உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்ப்பது நின்ற பிறகே மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பில் முதலாவதைப் போட்டோம். விற்ற பணத்தில் முதல் செலவாக அவர் கொட்டகைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்குகிறோம். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் அக்கா.

படகுச் சுவரின் 6 மி.மீ. கனத்துக்கு, கிழிசலைச் சுற்றி 7 செ.மீ. சரிவு வரும்படி பொறுமையாக அரைத்த தம்பிகள். மதிய வெயிலில் கிலோ ரெசினுக்கு 10 மில்லிக்கு மேல் ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) விடாமல், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்து வெடித்துவிடாமல், கூடவே நின்று பார்த்துக்கொண்ட மேஸ்திரி. படகின் பின்பக்கத்து அமரத்துப் பலகை உள்ளே ஊறிக் கிடப்பதைச் சுத்தியலால் தட்டி, மந்தமான சத்தத்திலேயே கண்டுசொன்ன ஆசாரி. பதிவுப் பெயர் மாற்றத்துக்கு எங்களுக்காக அலைந்த பெரியவர்கள்: எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி நாங்கள் விற்கும் எந்தப் படகிலும், ஒட்டுப்போட்ட இடத்தின் உள்பக்கத்துக்கு வாங்குபவர் பார்க்கும் முன் பெயின்ட் அடிக்க மாட்டோம். சுத்தியலோடு வாருங்கள், எங்கே வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள்.